‘கிளவுடில் இருக்கிறது’ என்றால் எங்கே இருக்கிறது? – ஒரு சொல்லின் பொருளும் புழக்கமும்

#1 பேரேடு

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் ஆறு பேர் வேலை செய்யும் சிறிய கணக்கு அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். நாற்பதுக்கும் மேற்பட்ட கடைகள், மூன்று பிரைவேட் லிமிடெட் நிறுவனங்கள், ஒரு நெல் அரவை ஆலை ஆகியவற்றின் கணக்குகள் எங்கள் பொறுப்பில் இருக்கின்றன. அலுவலகத்து மூலையில் ஒன்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் இனித் தாங்காது என்று தெரிந்ததால், சென்ற மாதம் ஒரு விற்பனையாளரிடம் விலைப்புள்ளி கேட்டேன். அவர் அனுப்பிய இரண்டு பக்கத் தாளில் ‘கிளவுட்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதுவும் ஒரே பொருளில் வருவதாகத் தெரியவில்லை.

‘கிளவுட் சர்வர்’ என்ற தலைப்பின்கீழ், இத்தனை ஜி.பி. நினைவகம், இத்தனை ஜி.பி. சேமிப்பிடம், மாதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று நிலையான தொகை போட்டிருக்கிறார். ‘கிளவுட் பேக்கப்’ என்ற இடத்தில், ஒவ்வோர் இரவும் கோப்புகளின் நகல் எடுக்கப்படும் என்று மட்டும் இருக்கிறது. ‘கிளவுட் மென்பொருள்’ என்று அவர் குறிப்பிடுவதோ, நாங்கள் இப்போது மேசைக் கணினியில் பயன்படுத்தும் அதே கணக்கு மென்பொருளை உலாவி வழியாகத் திறப்பதைத்தான். தொலைபேசியில் அழைத்து, ‘எங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கு எங்கே இருக்கும்?’ என்று கேட்டேன். ‘கிளவுடில் இருக்கும் சார்’ என்றார். வேறு விதமாக இரண்டாம் முறை கேட்டபோதும் அதே விடைதான் வந்தது.

என் கேள்விகள் இரண்டு. இந்தச் சொல்லுக்கு உறுதியான பொருள் என்று ஒன்று உண்டா? உண்டென்றால், வாடிக்கையாளர்களுக்கு நான் தமிழில் எழுதித் தரவேண்டிய ஒப்புதல் கடிதத்தில் அதை எப்படிச் சொல்வது? பிறருடைய கணக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும்போது, அந்த இன்னோர் இடம் எது என்று சொல்லத் தெரியாமல் கையெழுத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை.

#2 தறிக்கணக்கு

கரூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஐரோப்பாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பல ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு விடை சொல்லிவிட்டது. மேகம் என்று ஒன்று கிடையாது, பிறருடைய கணினிகள்தாம் இருக்கின்றன என்பது அவர்கள் ஒட்டுவில்லைகளில் அச்சிட்டுப் பரப்பிய வாசகம். எனக்கு அதற்கு மேல் வரையறை தேவைப்பட்டதில்லை. விலைப்புள்ளியில் ‘கிளவுட்’ வரும் ஒவ்வோர் இடத்திலும் ‘வேறொருவருடைய கணினி’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், தாள் தெளிவாகிவிடும்.

#3 நிரல்வழி

பதினொரு ஆண்டுகளாக இந்தத் துறையிலேயே வேலை செய்கிறேன், ஆகவே சற்று நீட்டி எழுத அனுமதியுங்கள். தறிக்கணக்கு அவர்கள் சொன்ன வாசகம் பொய்யன்று. ஆனால் அது, ‘பேருந்து என்பது பிறருடைய வண்டி’ என்று சொல்வதைப் போன்ற உண்மை. வண்டி யாருடையது என்பதைக் கொண்டு அதைப் பேருந்து என்று நாம் அடையாளம் காண்பதில்லை. நேரக்கணக்கு, நிறுத்தங்கள், பயணச்சீட்டு, கட்டணம் செலுத்தும் எவரும் ஏறலாம் என்ற ஏற்பாடு ஆகியவற்றைக் கொண்டே அறிகிறோம்.

கிளவுடுக்கும் அப்படியோர் ஏற்பாடு உண்டு. அதை எழுத்தில் வரையறுத்தவர்கள் அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகத்தார். சுருக்கமாக ‘நிஸ்ட்’ என்பார்கள். பீட்டர் மெல், திமத்தி கிரான்ஸ் ஆகிய இருவரும் எழுதி 2011 செப்டம்பரில் வெளியான 800-145 எண்ணுள்ள அந்த ஆவணம் சில பக்கங்களே கொண்டது. ஐந்து இயல்புகள் இருந்தால் அது கிளவுட் என்று அது சொல்கிறது. வேண்டியபோது வேண்டிய அளவை, எதிர்ப்பக்கத்தில் எந்த மனிதரிடமும் கேட்காமல் நாமே எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். வலையமைப்பின் வழியாகப் பல வகைக் கருவிகளிலிருந்தும் எட்ட முடிய வேண்டும். வழங்குபவரின் வளங்கள் பொதுவாகத் திரட்டி வைக்கப்பட்டுப் பல வாடிக்கையாளர்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். தேவை கூடும்போது விரைவாகப் பெருக்கவும் குறையும்போது விரைவாகச் சுருக்கவும் முடிய வேண்டும். பயன்பாடு அளக்கப்பட வேண்டும், வீட்டு மின்சாரம் மீட்டரில் ஓடுவதைப் போல.

இந்த ஐந்தில் நான்காவதும் ஐந்தாவதும்தான் கிளவுடின் உயிர்நாடி என்பது என் கருத்து. உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், வருமான வரித் தாக்கலின் கடைசி நாள் நெருங்கும்போது அந்தக் கணக்குகள் குவியும். அந்தச் சில நாட்களுக்கு மட்டும் உங்கள் அலுவலகத்துக்கு மும்மடங்கு கணினித் திறன் வேண்டியிருக்கலாம். கல்யாணத்துக்காக அண்டா, குண்டாக்களை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. பாத்திரக் கடையில் எடுத்து மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். 2006 மார்ச் 14இல் அமேசான் தன் எஸ்3 சேமிப்புச் சேவையையும், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் இசி2 என்ற கணினி வாடகைச் சேவையையும் தொடங்கியபோது புதிதாக இருந்தது இதுதான். தூரத்தில் இருக்கும் கணினியைப் பயன்படுத்துவது அப்போதே பழைய செய்தி. ஒரு கணினியை மணிக்கு 10 சென்ட் கணக்கில் எடுத்து, வேலை முடிந்ததும் நிறுத்தி, அந்த மணிகளுக்கு மட்டும் காசு கொடுக்கலாம் என்பது அதற்கு முன் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்ததில்லை.

இந்த உரைகல்லில் உங்கள் விலைப்புள்ளியை உரசிப் பாருங்கள். ‘கிளவுட் சர்வர்’ என்பதில் நினைவகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் நீங்களே திரையில் கூட்டலாமா, அல்லது அவருக்குத் தொலைபேசியில் சொல்லிக் காத்திருக்க வேண்டுமா? பயன்படுத்தாத நாளுக்குத் தொகை குறையுமா? நீங்களே கூட்ட முடியாது, தொகையும் குறையாது என்றால் அது வாடகை சர்வர். அதில் ஒரு குறையும் கிடையாது, உங்கள் அளவு அலுவலகத்துக்கு அதுவே போதுமானதாகக்கூட இருக்கலாம். ஆனால் வாடகை சர்வருக்கு வாடகை சர்வரின் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

உலாவியில் திறக்கும் மேசைக் கணினி மென்பொருள் பற்றியும் ஒரு சொல். ஏற்கெனவே இருந்த மென்பொருளை எங்கோ ஒரு கணினியில் நிறுவி, அதன் திரையை மட்டும் உங்களுக்குக் காட்டுவது தொலைத்திரை வசதி. மென்பொருள் நிறுவனமே அதை நடத்தி, புதுப்பித்து, காப்பு நகல் எடுத்து, ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும்போதுதான் அதைச் சேவையாகத் தரும் மென்பொருள் என்கிறோம். நிஸ்ட் ஆவணத்தின் மூன்று சேவை முறைகளில் அதுவும் ஒன்று. உள்கட்டமைப்பை மட்டும் தருவதும், நிரலை ஓட்டுவதற்கான தளத்தைத் தருவதும் மற்ற இரண்டு.

#4 செம்புக்கம்பி

தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இந்தச் சொல் எங்கள் வரைபடத் தாள்களிலிருந்து போனது என்பதை இங்கே யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

எக்ஸ்.25, பிரேம் ரிலே போன்ற தரவு வலையமைப்புகளின் காலத்தில் ஒரு வங்கிக்கு இணைப்புத் தரும்போது படம் வரைவோம். இடப்பக்கம் தலைமை அலுவலகம், வலப்பக்கம் கிளை அலுவலகம், நடுவில் துறையின் வலையமைப்பு. அந்த நடுப்பகுதிக்குள் எத்தனை இணைப்பகங்கள், எந்தெந்தத் தடங்கள், எங்கெங்கே மாற்றுவழிகள் என்பதையெல்லாம் வங்கிக்காரர் அறியத் தேவையில்லை. தடங்கள் அடிக்கடி மாறும் என்பதால் வரைவதும் வீண்வேலை. ஆகவே அந்த இடத்தில் நெளிநெளியான விளிம்புடன் ஒரு மேகத்தை வரைந்துவிட்டு, அதற்குள் நுழையும் கம்பியையும் வெளியே வரும் கம்பியையும் மட்டும் காட்டுவோம். உலகெங்கும் வலையமைப்புப் பொறியாளர்கள் இப்படித்தான் வரைந்தார்கள். இணையம் பரவிய பிறகு அதே மேகம் இணையத்துக்கான குறியாயிற்று.

அந்தக் குறியின் பொருளை நன்றாகக் கவனியுங்கள். ‘இதற்குள் நடப்பதை இந்தப் படம் சொல்லவில்லை’ என்பதே அதன் பொருள். படத்தைப் பார்ப்பவர் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காக அதை வரைந்ததில்லை. மேகத்துக்குள் இருப்பதற்குத் துறை பொறுப்பு, மேகத்துக்கு வெளியே இருக்கும் மோடத்துக்கு வாடிக்கையாளர் பொறுப்பு என்ற எல்லைக்கோடாகவே அதை வைத்திருந்தோம். மேகத்துக்குள் பழுது ஏற்பட்டால், நள்ளிரவானாலும் எந்த இணைப்பகத்தில் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் எங்களில் இருந்தார். இன்றைய விற்பனைத் தாள்களில் அந்த ஒருவர் யார் என்பதைத்தான் காணோம்.

சேவையின் கருத்தும் பழையதுதான். கணிப்புத்திறன் ஒருநாள் தொலைபேசியைப் போலப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அமையக்கூடும் என்று கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி 1961இலேயே எம்.ஐ.டி.யின் நூற்றாண்டு விழாப் பேச்சில் சொன்னார். செயற்கை நுண்ணறிவுக்கு ஆங்கிலத்தில் பெயரிட்டவரும் அவரே. தொலைபேசிக்காரன் என்பதால் அந்த ஒப்புமையின் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு.

#5 நிரல்வழி

செம்புக்கம்பி ஐயாவுக்கு நன்றி. சொல் எப்படி வீங்கியது என்பதையும் இத்துடன் சேர்த்துவிடுகிறேன். அமேசான் இசி2-ஐத் தொடங்கிய அதே 2006 ஆகஸ்ட்டில், கூகுளின் தலைமைச் செயல் அலுவலராக இருந்த எரிக் ஷ்மிட் தேடுபொறி மாநாடு ஒன்றில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோதுதான் அது பரவலாகக் கவனம் பெற்றது. அடுத்த ஆண்டே, 2007இல், டெல் நிறுவனம் ‘கிளவுட் கம்ப்யூட்டிங்’ என்பதைத் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது; ஏறத்தாழக் கிடைக்கும் நிலைக்கு வந்த பிறகு 2008இல் அமெரிக்க வணிகக்குறி அலுவலகம் அதை மறுத்தது. அதே ஆண்டில் ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலராக இருந்த லாரி எல்லிசன், நாங்கள் ஏற்கெனவே செய்துவரும் அனைத்தையும் உள்ளடக்கும்படி இந்தச் சொல்லை மறுவரையறை செய்துவிட்டார்கள் என்று வெளிப்படையாகக் குறைபட்டார். பின்னாளில் அவருடைய நிறுவனமும் அந்தப் பெயரில் சேவை விற்கத் தொடங்கியது என்பதால் அந்தக் குறைகூறல் தவறாகிவிடாது. பழைய சரக்குக்கு இந்தப் பெயரைப் பூசி விற்பதைக் ‘கிளவுட் பூச்சு’ என்றே துறையில் சொல்கிறோம்.

#6 ஒற்றெழுத்து

நான் தொழில்நுட்பம் அறிந்தவள் அல்லள். மெய்ப்புத் திருத்துவதும் மொழிபெயர்ப்புகளைச் சீர்செய்வதும் என் தொழில். பேரேடு ஐயாவின் தலைப்பைப் படித்ததும் எனக்கு உறுத்தியது ‘கிளவுட்’ அன்று, அதன் பின்னால் நிற்கும் ‘இல்’.

ஏழாம் வேற்றுமை இடப்பொருள் தருவது. ‘பணம் பெட்டியில் இருக்கிறது’, ‘அரிசி குதிரில் இருக்கிறது’ என்று கேட்ட மாத்திரத்தில், எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக நம் மனம் அமைதியடைகிறது. ‘கணக்கு கிளவுடில் இருக்கிறது’ என்றாலும் செவிக்கு அதே அமைதி கிடைத்துவிடுகிறது. விற்பனையாளர் உங்களை ஏமாற்ற எண்ணியிருக்க வேண்டியதில்லை. அவர் மனமும் அதே உருபில் அமைதியடைந்திருக்கும்.

ஆனால் அதே ‘இல்’ இடத்தைக் குறிக்காமல் நிலையைக் குறிப்பதும் நம் பேச்சில் உண்டு. ‘நிலம் குத்தகையில் இருக்கிறது’ என்கிறோம். ‘நகை அடகில் இருக்கிறது’ என்கிறோம். அடகு என்று ஓர் ஊர் இல்லை என்பது கேட்பவருக்குத் தெரியும், ஆகவே ‘எந்தக் கடையில்? எவ்வளவுக்கு? எப்போது மீட்பது? சீட்டு யாரிடம் இருக்கிறது?’ என்று அடுத்தடுத்துக் கேட்கிறார். வீட்டில் யாராவது ‘நகை அடகில் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுக் கடையின் பெயரைச் சொல்ல மறுத்தால் அதை நாம் விடையாக ஏற்போமா?

நிரல்வழி அவர்கள் தந்த ஐந்து இயல்புகளையும் மறுபடி படித்தேன். அவற்றில் ஒன்றுகூட இடத்தைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாமே ஒரு பொருளை எப்படித் தருகிறார்கள், எப்படி அளக்கிறார்கள், எப்படிப் பகிர்கிறார்கள் என்பதைப் பற்றியவை. அப்படியானால் ‘கிளவுட்’ என்பது ‘எப்படி’ என்ற கேள்விக்கான விடை. ‘எங்கே’ என்ற கேள்வி அப்படியே மிஞ்சி நிற்கிறது.

#7 நிரல்வழி

ஒற்றெழுத்து அம்மாவின் கருத்துக்கு அந்த ஆவணத்திலேயே சான்று இருக்கிறது. வளங்களைத் திரட்டிவைப்பது பற்றிய பத்தியில், வளம் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்பது வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டிலோ அறிவிலோ பொதுவாக இருக்காது என்று ஒப்புக்கொள்கிறார்கள். உடனே, நாடு, மாநிலம், தரவு மையம் என்ற அளவில் இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்க முடியலாம் என்றும் சேர்க்கிறார்கள். முதல் பாதியை மட்டும் விற்பனையாளர்கள் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

பெரிய நிறுவனங்களிடம் கேட்டால் இடம் நிச்சயமாகத் தெரியும். மைக்ரோசாப்ட் தன் ‘அசூர்’ கிளவுட் சேவைக்காக 2015இல் இந்தியாவில் திறந்த மூன்று வட்டாரங்கள், அதாவது தரவு மையத் தொகுப்புகள், புனே, சென்னை, மும்பை ஆகிய நகரங்களைச் சார்ந்தவை. அமேசானின் மும்பை வட்டாரம் 2016இலும் ஹைதராபாத் வட்டாரம் 2022இலும் தொடங்கப்பட்டன. சென்னையை அடுத்த சிறுசேரிப் பக்கம் போனால் தரவு மையங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கான்கிரீட் சுவர், வரிசை வரிசையாக டீசல் ஜெனரேட்டர், குளிரூட்டும் கருவிகள். 2002இல் போடப்பட்ட ஐ2ஐ போன்ற கடலடிக் கம்பிகள் சென்னையில் கரையேறுவதால்தான் அந்த நகரம் இந்தத் தொழிலுக்கு இவ்வளவு முக்கியமாயிற்று. எடையே இல்லாத பொருள்போல் ஒலிக்கும் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பாரம் இது.

#8 பேரேடு

பேக்கப் பற்றி யாராவது விளக்க முடியுமா? கூகுள் டிரைவ் போன்ற ஒரு கோப்புறையை எங்கள் கணினிகளில் வைத்திருக்கிறோம். அலுவலகத்து இளைஞர்கள் அதையே கிளவுட் பேக்கப் என்கிறார்கள்.

#9 நிரல்வழி

அது ஒத்திசைவு. ஒரு கணினியில் நடப்பதை மற்ற கணினிகளிலும் அப்படியே நடக்கச் செய்வது அதன் வேலை. ஆகவே ஒருவர் கோப்பை அழித்தால் எல்லா இடத்திலும் அழியும், பிணைத்தொகை கேட்கும் நச்சுநிரல் ஒரு கணினியில் கோப்புகளைப் பூட்டினால் பூட்டப்பட்ட கோப்புகளே எல்லா இடத்துக்கும் போய்ச்சேரும். பல சேவைகள் பழைய வடிவங்களைச் சில நாட்கள் வைத்திருக்கும் என்பது ஆறுதல், ஆனால் எத்தனை நாட்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். காப்பு நகல் என்றால், மூலத்துக்கு என்ன நேர்ந்தாலும் அது தன்னைப் பாதிக்காதபடி விலகி நிற்க வேண்டும். விலகல் என்பது முதலில் இடத்தில் விலகல்.

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று முழுவதும் எரிந்துபோனது. கூடுதல் பணம் கொடுத்துக் காப்பு நகல் வசதியை வாங்கியிருந்த சிலரின் நகலும் மூலத்தோடு சேர்ந்தே எரிந்தது, ஏனென்றால் இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தன. அப்படி இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு இழப்பீடு கொடுக்கும்படி லீல் நகர வணிக நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. இதற்கு மாறான ஏற்பாடும் இருக்கிறது. அமேசானின் எஸ்3 வழக்கமான சேமிப்பு வகையில், ஒரே வட்டாரத்துக்குள் தனித்தனியே நிற்கும் குறைந்தது மூன்று மையத் தொகுதிகளில் கோப்பு வைக்கப்படுகிறது. ‘பிறருடைய கணினி’ என்ற வாசகம் எனக்குப் போதாததற்கு இதுவும் காரணம். நம் அலுவலகத்து மூலையில் ஒருபோதும் செய்ய முடியாத ஒன்றை அந்தப் பிறர் செய்கிறார்கள், அதைச் செய்யும்படி அமைத்துக்கொண்டால்.

#10 வல்லிபுரம்

வடமராட்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டில் நடந்தது இந்த உரையாடலுக்கு நேரடியாகத் தொடர்புடையது.

இலங்கை அரசின் அமைச்சுகளும் திணைக்களங்களும் பயன்படுத்தும் பொதுவான முகில் ஒன்று இருக்கிறது. லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்பது அதன் பெயர். 2023 ஆகஸ்ட் இறுதியில் பிணைத்தொகை நச்சுநிரல் அதைத் தாக்கியது. gov.lk என்று முடியும் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகளும் அவற்றுள் அடங்கும். அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட அரச கடிதப் போக்குவரத்து மீளவில்லை. மின்னஞ்சல் மென்பொருளும் காலங்கடந்த பதிப்பாகவே இருந்தது.

அதைப் பயன்படுத்திய அலுவலர்களைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. ‘முகிலில் இருக்கிறது’ என்றால் யாரோ பாதுகாக்கிறார்கள் என்றே எவரும் விளங்கிக்கொள்வார்கள், நானும் அப்படித்தான் விளங்கியிருந்தேன். காப்புப் பிரதி எடுப்பது முகில் என்ற சொல்லின் பொருளுக்குள் அடங்கியிருக்கிறதா என்று எவரும் கேட்டுக்கொள்வதில்லை. நிரல்வழி சொன்ன ஐந்து இயல்புகளிலும் அது இல்லை என்பதை இன்றுதான் கவனித்தேன்.

#11 தறிக்கணக்கு

வல்லிபுரம் அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவின் குறை எனக்குப் புரிகிறது. இலங்கை அரசு பயன்படுத்தியது பிறருடைய கணினியை அன்று, தன்னுடைய கணினிகளையே. 2025 செப்டம்பர் 26இல் தென்கொரியாவின் தேஜோன் நகரிலிருந்த அரசுத் தரவு மையத்தில் மின்கலங்களிலிருந்து தீப்பிடித்தபோதும் அப்படியே. அரசு ஊழியர்களின் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்ற சேமிப்பில் 858 டெராபைட் அழிந்தது. வெளியிடத்தில் நகல் இல்லை. கோப்புகளை அவரவர் கணினியில் வைக்காமல் அதில் வைக்கும்படி ஊழியர்களுக்கு ஏற்கெனவே அறிவுறுத்தப்பட்டிருந்தது. ஆகவே யாருடைய கணினி என்ற ஒரே கேள்வியோடு நிற்பது போதாது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பெயரைப் பற்றி ஒன்று. மேகம், முகில் என்றெல்லாம் கவிதைபோலச் சொல்வதை விட்டுவிட்டு ‘வாடகைக் கணிமை’ (கணிமை என்றால் கம்ப்யூட்டிங்) என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும் அல்லவா?

#12 ஒற்றெழுத்து

‘வாடகைக் கணிமை’ எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் நீங்களே சற்றுமுன் தந்த எடுத்துக்காட்டு அதற்கு எதிராக நிற்கிறது. அரசு தனக்காகத் தானே நடத்திக்கொள்ளும் கிளவுடுக்கு வாடகை ஏது? இந்திய அரசும் ‘மேகராஜ்’ என்ற பெயரில் தன் துறைகளுக்காகக் கிளவுட் ஏற்பாடு வைத்திருக்கிறது. ஒரு சொல் அது குறிக்கும் பொருட்களுள் பாதியை வெளியே தள்ளினால் கலைச்சொல்லாக நிற்காது.

‘மேகக் கணிமை’ தமிழகத்து எழுத்தில் ஓரளவு வேரூன்றிவிட்டது. ‘முகில்’ ஈழத்தில் பேச்சிலும் உயிரோடிருக்கும் சொல், அவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. ‘மேகக் கணினி’ என்று சிலர் எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும், அது ஏதோ ஒரு கருவியைக் குறிப்பதாகிவிடும். என்னைப் பொறுத்தவரை ஒப்பந்தங்களில் ‘கிளவுட்’ என்றே எழுதிவிடலாம்; கடைக்காரருக்கும் ஆலை முதலாளிக்கும் தெரிந்த சொல் அது.

இன்னொன்று மனத்தில் ஓடுகிறது. நம் மொழியில் மேகத்தை வள்ளலுக்கு உவமையாக்கியிருக்கிறோம், மாரி கைம்மாறு கருதாதது என்கிறோம். நீரை முகந்து கொண்டிருப்பதால் கொண்டல் என்ற பெயரும் அதற்கு உண்டு. இந்தத் தொழில்நுட்பமும் கொண்டிருக்கிறது, ஆனால் அளந்தே தருகிறது, மணிக்கணக்கில் கைம்மாறும் பெறுகிறது. ஆகவே மேகம் என்று மொழிபெயர்க்கும்போது நம் மரபிலுள்ள தாராளமும் அறியாமலேயே ஒட்டிக்கொள்கிறதோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. அந்த ஒட்டுதல் இல்லாத ‘கிளவுட்’ இந்த இடத்தில் நல்லது.

#13 பேரேடு

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. இடையில் என் தொழில் சார்ந்த விதி ஒன்றை எடுத்துப் படித்தேன், முன்பே படித்திருக்க வேண்டியது.

நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்களுக்கான 2014ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாவது விதி, மின்னணு முறையில் வைக்கப்படும் கணக்குகளின் காப்பு நகல் இந்தியாவுக்குள் பருப்பொருளாக அமைந்துள்ள சர்வர்களில் இருக்க வேண்டும் என்கிறது. முன்பு அவ்வப்போது நகல் எடுத்தால் போதும் என்றிருந்தது; 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு அது நாள்தோறும் என்றாகிவிட்டது. அதே விதியின் அடுத்த உட்பிரிவு, சேவை வழங்குபவரின் பெயர், ஐ.பி. முகவரி, இருப்பிடம் ஆகியவற்றை ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்யும்போது நிறுவனப் பதிவாளருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. கணக்குகள் கிளவுடில் வைக்கப்பட்டிருந்தால், வழங்குபவர் தரும் முகவரியையும் தெரிவிக்க வேண்டும். சட்டம் ‘கிளவுட்’ என்ற சொல்லைப் பயன்படுத்திய அதே வரியில் அதன் முகவரியையும் கேட்டிருக்கிறது. செம்புக்கம்பி ஐயா சொன்ன எல்லைக்கோடும் ஒற்றெழுத்து அம்மா சொன்ன அடகுச் சீட்டும் அந்த ஒரு வரிக்குள் இருப்பதாக எனக்குப் பட்டது. மூன்று பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்கு இது கட்டாயம். மற்ற கடைகளுக்கும் இதையே பின்பற்ற முடிவு செய்திருக்கிறேன்.

விற்பனையாளருக்குக் கடிதம் எழுதினேன். ‘கிளவுட்’ என்ற சொல்லை எங்கும் பயன்படுத்தாமல் விலைப்புள்ளியைத் திருப்பி எழுதித் தரும்படி கேட்டேன். மூலம் எந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் இருக்கும், நகல் எந்த ஊரில் இருக்கும், அழிந்த கோப்பை எத்தனை நாள் வரை மீட்கலாம், நாங்கள் விலகினால் எந்தக் கோப்பு வடிவில் எத்தனை நாளில் தரவைத் திருப்பித் தருவார், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் நின்றுபோனால் யாரை அழைப்பது என்று கேட்டிருந்தேன்.

அவர் நல்ல மனிதர்; நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டு, தான் வாங்கும் நிறுவனத்திடம் விசாரித்து விடை அனுப்பினார். மூலம் சென்னை அம்பத்தூரில் உள்ள ஒரு தரவு மையத்தில் இருக்கிறது. நகலும் அதே கட்டடத்தில்தான், வேறு மாடியில். இது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. நகலை மும்பைக்கு மாற்றித் தருவதற்கு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும் என்றார், சம்மதித்துவிட்டேன். ‘கிளவுட் சர்வர்’ என்ற தலைப்பை அவரே ‘மாத வாடகை சர்வர்’ என்று மாற்றி, தொகையையும் சிறிது குறைத்திருக்கிறார்.

வாடிக்கையாளர்களுக்கான கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘தங்கள் கணக்குகள் இனி எங்கள் அலுவலகக் கணினிக்குப் பதிலாக, வாடகை முறையில் பெறப்பட்ட சர்வரில் பராமரிக்கப்படும். மூலம் சென்னையிலும் அன்றாடக் காப்பு நகல் மும்பையிலும் இருக்கும். கிளவுடில் உள்ள தங்கள் கணக்குகளின் முழு நகலைத் தாங்கள் கேட்ட ஏழு நாட்களுக்குள் தருவோம். தரவு இழப்பு ஏற்பட்டால் தங்களுக்கு முதலில் பதில் சொல்லும் பொறுப்பு எங்களுடையது.’ ஒற்றெழுத்து அம்மா ஒருமுறை பார்த்துச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

#14 ஒற்றெழுத்து

நன்றாக இருக்கிறது. மூன்றாம் வாக்கியத்தில் ‘கிளவுடில் உள்ள’ என்பது பழைய விலைப்புள்ளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அதை நீக்கிவிடுங்கள், பொருள் குறையாது. ‘கேட்ட ஏழு நாட்களுக்குள்’ என்பதைக் ‘கேட்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள்’ என்று மாற்றினால் நாளைக்கு வழக்கு வந்தாலும் நிற்கும்.

#15 பேரேடு

இரண்டையும் திருத்திவிட்டேன். அரவை ஆலைக்காரருக்கு முதல் கடிதம் இன்று மாலை போகிறது.